உங்களுக்குத் தெரியுமா? கோவைக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு

கோவையை அடுத்த வெள்ளியங்கிரி மலையடிவாரத்து நொய்யல் ஆறு, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலந்து பூம்புகாரில் கடலைத் தொடுகிறது. கொங்கு மண்ணில் ஆற்றுக்கு நேர்வது கரையோரத்தையும் எட்டும்.

திருப்பூரில் பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்க, சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுவார்கள். அந்தக் கழிவு ஆண்டுக்கணக்கில் நொய்யலில் ஓடியது. அதனால், 1992-இல் பாசனத்துக்காக அதே ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை விவசாயிகளே வேண்டாம் என்றார்கள்.

2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவிலிருந்து தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து, மறுபடி சாயத்துக்கே அனுப்புகின்றன.

காவிரிக்கு இன்னொரு நெருக்கடி வண்டல் குறைவு. 1934 முதல் மேட்டூர் அணை வண்டலைத் தேக்கிக்கொள்வதால் டெல்டா கடற்கரைக்கு வந்துசேர்வது குறைந்துவிட்டது. காவிரி நன்னீர் சுருங்கினால், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் உவர்ப்பு ஏறுகிறது.