பட்டாளத்துப் பிள்ளைகளும் பள்ளிக்கூடமும்



கணவர் பட்டாளத்தில் இருக்க, பிள்ளைகளோடு தனியாகச் சமாளிக்கும் உறுப்பினர்கள் நம்ம ஏற்காட்டுக் குழுக்களிலும் உண்டு. அப்பாவுக்கு மாற்றல் வந்தால் பிள்ளைக்குப் பள்ளியும் மாறுகிறது. வெளி மாநிலத்தில் இந்தியில் படித்த குழந்தை, இங்கே தமிழ் வகுப்பில் வாய் திறக்காது. அதை மக்கு என்று சொல்லாதீங்க, பழக நாளாகும். டி.வி.யில் எல்லைச் சண்டை என்றால் சோறு இறங்காது.

நாம் என்ன செய்யலாம்?

1. டி.சி. வரத் தாமதமா? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, 8-ஆம் வகுப்பு வரை அதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக் கூடாது.

2. அப்பா எங்கே இருக்கிறார், எப்போது லீவில் வருவார் என்று வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.

3. தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் வேண்டுமென்று பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள்.

4. ஹவில்தார் பதவி வரை இருந்து ஓய்வு பெற்றவர், அவரது விதவை ஆகியோரின் இரண்டு பிள்ளைகளுக்கு, 1-ஆம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை மத்திய படைவீரர் வாரியம் உதவுகிறது. மாதம் 1,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் தரும் மனுக்களுக்கு 2,000 ரூபாய். சேலத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

விவரம் தெரியாமலே விட்டுவிட்ட அக்கா, தங்கச்சி உங்கள் குழுவில் இருக்கிறாரா? அடுத்த கூட்டத்தில் கேளுங்க. மனு எழுத நாங்கள் கூட வருகிறோம்.