உங்களுக்குத் தெரியுமா? முழங்கையாலும் குழாய் திறக்கலாம்!

மலேசியத் தோட்டங்களில் பால் மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் ஓய்ந்த கைகளுக்கு, வட்டத் தலைக் குழாயை இறுக்கிப் பிடித்துத் திருகுவது பெரும் வேதனை. நீள்பிடிக் குழாயில் அந்த வேதனை இல்லை. 2 செ.மீ. ஆரமுள்ள தலைக்குப் பதில் 8 செ.மீ. பிடி இருந்தால், அதே திருப்பத்துக்குக் கால் பங்கு விசை போதும்; மூடிய முட்டியாலோ முழங்கையாலோ தள்ளிவிடலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் விதிகள் பொது இடக் குழாய்களுக்கு வைத்திருக்கும் வரம்பு சுமார் 2.3 கிலோ விசைதான். மலேசியாவிலும் அனைவருக்குமான கட்டட வடிவமைப்புக்கு எம்எஸ் 1184:2014 தரநிலை உண்டு. வீட்டுப் பெரியவர்களுக்கும் அந்த வசதி கட்டாயம் வேண்டும்!

கடையில் உள்ளே பீங்கான் தட்டு வைத்த நீள்பிடிக் குழாயைக் கேளுங்கள். கால் சுற்றிலேயே முழுதும் திறக்கும். ரப்பர் வாஷர் தேய்ந்து, மேலும் மேலும் இறுக்க வேண்டியிருக்கும் பழைய குழாயை முதலில் மாற்றுங்கள். கழற்றுமுன் மீட்டர் அருகிலுள்ள வால்வை மூடிவிடுங்கள்.