காரில் சப் ஊஃபர்: பெட்டியில் அச்சிட்ட வாட்டும் நிகர வாட்டும்

நமது சங்க உறுப்பினர்களில் பலர் கடந்த சில ஆண்டுகளில் கார் வாங்கியிருக்கிறோம். கார் இல்லாதவரிடம் சரக்கு கொண்டுபோட ஒரு குட்டி யானையாவது நிற்கிறது. வண்டி வந்த மறுமாதமே வீட்டுப் பிள்ளைகள் ஆரம்பித்து விடுகிறார்கள்: “கம்பெனி செட்டில் பேஸ் வரவில்லை, சப் ஊஃபரும் ஆம்ப்ளிஃபையரும் போட வேண்டும்.” கடையில் அமர்ந்து பைசா பைசாவாகக் கணக்குப் பார்க்கும் நாம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பிட்டர் சொன்ன தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்து விடுகிறோம். வேண்டாம் என்று தடுப்பதற்காக இதை எழுதவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

பிள்ளைகள் கேட்பதிலும் நியாயம் உண்டு. பேஸ் கிடாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது. உறுமியின் உறுமல், தவிலின் அடிநாதம் எல்லாம் இந்தக் கீழ்த்தட்டைச் சேர்ந்தவை. இத்தனை தாழ்ந்த ஒலியைக் காதில் உறைக்கச் செய்ய நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கார்க் கதவில் இருக்கும் ஐந்து, ஆறு அங்குல ஸ்பீக்கருக்கு அந்தச் சக்தி கிடையாது. இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் தனியே நடந்து போகும் இடங்கள் நமக்குத் தெரியும். கம்பெனி செட்டில் அதில் பாதி காணாமல் போகிறது. மினி பஸ்ஸில் ஏறினால் அதே பாட்டு நெஞ்சில் இடிக்கிறதே என்றால், அங்கே சீட்டுக்கு அடியில் பெட்டி இருக்கிறது.

சரி, எத்தனை வாட் வாங்குவது? இங்கேதான் வியாபாரி விழித்துக்கொள்ள வேண்டும். பருப்புப் பாக்கெட்டில் மொத்த எடை வேறு, நிகர எடை வேறு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபையர் பெட்டியிலும் அப்படியே. கொட்டை எழுத்தில் 1000 வாட், 2000 வாட் என்று இருப்பது ஒரு நொடித் துள்ளலைக் கணக்கிட்ட மொத்த எடை. நிகர எடையின் பெயர் ஆர்.எம்.எஸ். அது பெட்டியின் ஓரத்திலோ உள்ளே இருக்கும் தாளிலோ பொடி எழுத்தில் கிடக்கும். கம்பெனி செட்டில் “50 வாட் பெருக்கல் 4” என்று போட்டிருந்தாலும், பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை நேரே நம்பியுள்ள செட் ஒரு ஸ்பீக்கருக்கு இருபது வாட் சுமார்தான் தொடர்ந்து தர முடியும். தனி ஆம்ப்ளிஃபையர் உள்ளே அந்த வோல்ட்டேஜை உயர்த்திக்கொள்வதால்தான் அதிகம் தருகிறது. ஆர்.எம்.எஸ். எண் எங்குமே அச்சிடாத பெட்டியை, நிகர எடை போடாத பாக்கெட்டைப் போல ஒதுக்கி விடலாம். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம்மிடம் எடையளவு ஆய்வாளர் கேட்பதை நாமும் கேட்கலாமல்லவா?

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு அது “கொஞ்சம் கூடியிருக்கிறது” என்ற அளவுதான். இரு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 300 வாட்டுக்கும் 600 வாட்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கொடுக்குமுன் யோசியுங்கள். சாதாரணக் காருக்கு 150 முதல் 300 வரை நிகர வாட் தாராளம்.

மிச்சமாகும் பணத்தை ஒயரில் போட வேண்டும். நாம் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். 300 வாட் ஆம்ப்ளிஃபையர் முழு வேகத்தில் ஓடினால் பேட்டரியிலிருந்து சுமார் 28 ஆம்பியர் இழுக்கும். வீட்டில் மூன்று கெய்சரை ஒன்றாகப் போட்டால் ஓடும் மின்னோட்டம் அது. அதற்கு யாராவது பெல் ஒயர் இழுப்பார்களா? காரில் இழுக்கிறார்கள். முன்னால் பேட்டரி, பின்னால் டிக்கியில் ஆம்ப்ளிஃபையர். இடையில் ஐந்து மீட்டர். இதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போட்டால் வழியிலேயே ஒரு வோல்ட் தின்றுவிட்டு, அந்த மின்சாரத்தை விரிப்புக்கு அடியில் சூடாகக் கக்கும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டாகக் குறைகிறது. தடிமனாக இருக்கிறதே என்றும் ஏமாற வேண்டாம். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் சந்தையில் ஏராளம். அதே தடிமனில் அதற்குத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். மஞ்சள் தூளில் கலப்படம் பார்ப்பவர்களுக்கு இது பெரிய வேலையில்லை.

அடுத்தது ஃப்யூஸ். பேட்டரியிலிருந்து கிளம்பி அரை மீட்டருக்குள், ஒயரின் தாங்கு திறனுக்கு ஏற்ற ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும். ஆம்ப்ளிஃபையரிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்பார்கள். அது ஆம்ப்ளிஃபையரைக் காக்கும், ஐந்து மீட்டர் ஒயரைக் காக்காது. எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவேயுள்ள தகரச் சுவரில் ஒயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் இல்லாவிட்டால், ஓட்டத்தின் அதிர்வில் உறை தேய்ந்து செம்பு பாடியைத் தொடும். அப்போது பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டும். நம் கடைத்தெருவில் வத்தல் வியாபாரி ஒருவரின் வண்டியில் இப்படித்தான் நடந்தது. உள்ளே சாக்கும் பாயும் கருகிய வாடை வந்ததும் அவர் இறங்கிப் பேட்டரி டெர்மினலைப் பிடுங்கியதால் வண்டி தப்பியது. அந்த வண்டி இரவில் நிற்பது குடோனுக்குள். வத்தலும், பஞ்சும், எண்ணெய் டின்னும் அடுக்கியிருக்கும் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எர்த் ஒயரும் அதே தடிமனில், கூடியவரை குட்டையாக, பெயிண்ட் சுரண்டிய தகரத்தில் போல்ட்டால் இறுக்கப்பட வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால், எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஸ்பீக்கரில் ‘கீ’ என்று ஓர் ஒலி ஏறி இறங்கும். துளை போடுமுன் கீழே என்ன ஓடுகிறது என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் டாங்கி இருக்கலாம், கேஸ் வண்டியானால் குழாய் இருக்கலாம்.

கம்பெனி செட்டைக் கழற்றி வேறு செட் போட வேண்டும் என்று ஒரு யோசனை வரும். அவசியமில்லை. இன்றைய வண்டிகளில் பின்புறக் கேமராவும் ஸ்டீயரிங் பொத்தான்களும் அந்தச் செட்டோடு பின்னப்பட்டிருக்கின்றன. ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப்ளிஃபையர் வாங்கினால், பின் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே பாட்டை எடுத்துக்கொள்ளும். அந்த வசதி இல்லாததற்கு லைன் அவுட் கன்வர்ட்டர் என்ற சிறு பெட்டி உண்டு. ஒயரை அறுக்காமல் இடையில் சொருகும் கப்ளர் கிடைத்தால் இன்னும் நல்லது. நாளை கழற்றினால் தடயம் இருக்காது. மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை, அவற்றை யாரும் தொடக் கூடாது. ஆம்ப்ளிஃபையரில் ‘கெய்ன்’ என்ற திருகை முழுக்கத் திருப்பி விடுவது நம்மூர் வழக்கம். அது சத்தத் திருகு அல்ல. செட்டின் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்தும் திருகு. ஒலி கரகரக்கும் இடத்துக்குக் கீழேயே நிறுத்த வேண்டும்.

லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லாரியில் இரண்டு பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். கார் ஆம்ப்ளிஃபையரை ஒரு பேட்டரியில் மட்டும் கொடுத்தால் அது காலியாகிக்கொண்டே போக, மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி வெந்து போகும். இரண்டுக்கும் ஆயுள் முடியும். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இடமும் பணம்தான். பத்து அங்குல ஊஃபர் பெட்டி டிக்கியில் ஓர் அரிசி மூட்டையின் இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். வியாபாரத்துக்கும் ஓடும் வண்டியென்றால் சீட்டுக்கு அடியில் போகும் தட்டையான எட்டு அங்குலப் பெட்டியே போதும் என்பது நம் அபிப்பிராயம். அதிலேயே ஆம்ப்ளிஃபையரும் அடக்கம். நெஞ்சு அதிராது, பாட்டு நிறைவாக இருக்கும்.

பில் வாங்காமல் பொருத்த வேண்டாம். காரோடு வராத மின் சாதனத்தை இன்சூரன்சில் தனியே குறிப்பிட்டுச் சிறு பிரீமியம் கட்டினால்தான் அதற்கு நஷ்டஈடு கேட்க முடியும். வாரண்டி உள்ள வண்டியில் ஒயரிங் பழுது வந்தால், வெளியே கை வைத்ததைக் காட்டிக் கம்பெனி மறுக்கக்கூடும்; முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

சத்தத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டிப் போகும் குணம் உடையது. வண்டிக்குள் இருப்பவருக்குப் பாட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதியில் படுத்திருப்பவருக்கு ‘தொம் தொம்’ மட்டும். நம் காதுக்கும் கணக்கு உண்டு: 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம், 94-ஐ ஒரு மணி, 100-ஐக் கால் மணி என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள்.

பொருத்தி முடிந்ததும் உடனே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட வேண்டாம். இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்த் திரும்ப அரை மணிக்கு மேல் ஆகும். வழி முழுக்கப் பாட்டை நன்றாக வைத்து ஓட்டி வந்து, பிட்டர் முன்னாலேயே பானெட்டைத் திறந்து, ஃப்யூஸ் கூட்டையும் ஒயரையும் கையால் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் சூட்டுக்கு மேல் அவை சுட்டால் மறுபடி பிரிக்கச் சொல்லிவிட்டு, கடைக்கு நடந்து வாருங்கள்.