ஒட்டிக்கொண்டே நடக்கும் செல்கள்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடிகாலையில் போகும் விசைப்படகுகள் அன்றிரவே கரை திரும்பிவிடும். இறங்கும் கூடைகளில் ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாயோடு பேய்க்கணவாயும் கிடக்கும். ஆக்டோபஸ் என்று பாடப்புத்தகம் சொல்கிற எட்டுக்கைப் பிராணி இதுதான். முத்துப்பார்களில் சிப்பியைத் திறந்து தின்பவற்றில் இதுவும் ஒன்று. தின்பதும் தின்னப்படுவதும் மெல்லுடலிகள்தாம். ஆனால் சிப்பிக்கு இருப்பவை சில நரம்பு முடிச்சுகள். பேய்க்கணவாய்க்கோ ஏறத்தாழ 50 கோடி நரம்பு செல்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கின்றன.

இதன் மூளை செல்கள் பிறக்குமிடம் மூளைக்கு வெளியே இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முட்டைக்குள் வளரும் ஆக்டோபஸ் கருவை ஆராய்ந்து, கண்ணையொட்டிய ஒரு திசுவில் இந்தச் செல்கள் பிறப்பதையும், அங்கிருந்து ஊர்ந்து மூளைக்குப் போய்ச் சேர்வதையும் 2021இல் காட்டினார்கள். நம் கருவிலும் இப்படித்தான். மூளையின் உள்ளறைச் சுவரருகே பிறக்கும் செல்கள், வெளிப்புறணியில் தங்களுக்குரிய அடுக்கைத் தேடி நடக்கின்றன.

காலில்லாத செல் எதைப் பிடித்து நடக்கும்? அதன் மேற்சவ்வில் துருத்தி நிற்கும் ஒட்டுப் புரதங்களைக் கொண்டுதான். பெயரைக் கேட்டால் ஓரிடத்தில் அசையாமல் நிறுத்திவைக்கும் பசை என்று தோன்றும். ஆனால் தூத்துக்குடி மாவட்டத்துப் பனையேறியைப் பார்த்தவர்களுக்கு விஷயம் எளிதில் பிடிபடும். கை மரத்தை அணைத்திருக்கும்போது தளைநார் பூட்டிய கால் மேலே ஏறும். கால் ஊன்றியதும் கை மேலே போகும். பிடியே இல்லாவிட்டால் விழுவார், பிடியை விடாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்பார்.

நரம்பு செல்லின் வளரும் முனையில் இந்தப் பிடித்து விடும் வேலை நடப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். முனைக்குள் ஆக்டின் என்னும் நுண்ணிழைகள் முன்விளிம்பில் வளர்ந்துகொண்டே பின்னோக்கி இழுபடுகின்றன. வெளியே எதையும் பற்றாதவரை இந்த இழுப்பால் பயனில்லை. எல்1 என்ற ஒட்டுப் புரதம் அயல் செல்லைப் பற்றியதும், அதன் உட்பக்க வால் இழையோடு கோத்துக்கொள்கிறது. இப்போது இழுப்புக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டது. முனை முன்னே நகர்கிறது. அதோடு முடியவில்லை. பின்னால் தங்கிவிட்ட எல்1 புரதங்களைச் செல் உள்ளே விழுங்கி, சிறு பைகளில் ஏற்றிக் கொண்டுபோய், முன்விளிம்பில் மறுபடி பதிக்கிறது. ஒரே புரதம் திரும்பத் திரும்ப முன்னணிக்கு வருகிறது. செல் உயிரியலில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாட்டை நான் படித்ததில்லை.

பிடியைத் தளர்த்தவும் வழி உண்டு. என்-கேம் என்ற இன்னொரு ஒட்டுப் புரதத்தின் மேல் சயாலிக் அமிலச் சங்கிலிகள் நீளமாகத் தொங்கும். அவை நீரை ஈர்த்து உப்பி, இரு செல்களையும் சற்று விலக்கிவைக்கும். 1994இல் என்-கேம் இல்லாத எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, மோப்பத்துக்கான மூளைப்பகுதி சிறுத்துப்போயிருந்தது. ஒட்டுவதற்கு ஆளில்லை என்றால் செல்கள் தாராளமாக ஓடியிருக்க வேண்டுமே! ஓடவில்லை. அங்கே போக வேண்டிய இளம் செல்கள் வழியிலேயே தேங்கிவிட்டன.

யாரைப் பற்றுவது, யாரை விடுவது என்ற தேர்வும் இருக்கிறது. புரோட்டோகேட்ஹெரின்கள் என்ற குடும்பம் பாலூட்டிகளில் ஒவ்வொரு நரம்பு செல்லுக்கும் ஓர் அடையாள அட்டை தருகிறது. ஒரு கலிபோர்னிய ஆக்டோபஸின் மரபணுத் தொகுப்பை 2015இல் படித்தவர்கள் இந்தக் குடும்பத்தில் 168 மரபணுக்களைக் கண்டார்கள். பாலூட்டிகளிடம் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த நடை தடைப்படும்போது மனிதருக்கு என்ன ஆகிறது என்பதைக் கால்மன் நோய்க்குறியில் காணலாம். பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் நரம்பு செல்கள் கருவின் மூக்கில் பிறந்து, மோப்ப நரம்புகளையே வழியாகப் பிடித்துக்கொண்டு மூளைக்குள் நுழைகின்றன. அனோஸ்மின் என்ற ஒட்டுப் புரதத்தின் மரபணு பழுதானால் நரம்புகள் மூளையை எட்டுவதில்லை. செல்களும் நடுவழியில் நின்றுவிடுகின்றன. இந்த மரபணு 1991இல் கண்டுபிடிக்கப்பட்டது. பதினாறு வயதாகியும் குரல் உடையாத பையனிடம் மருத்துவர், மல்லிகை வாசம் தெரிகிறதா என்று கேட்பது இதற்காகத்தான். ஹார்மோன் கொடுத்துப் பருவ மாற்றங்களை வரவழைத்துவிடலாம். வாசம் மட்டும் அந்தச் சிகிச்சையால் கிடைப்பதில்லை.