மையில் நின்ற மதுரை

வண்டியூர் தெப்பக்குளத்தைத் தண்ணீரோடு பார்க்காமலே வளர்ந்த ஒரு தலைமுறை மதுரையில் உண்டு. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஏறக்குறைய 1,000 அடி நீளம், 950 அடி அகலம். அவ்வளவு பெரிய குளம் வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தது. மைய மண்டபத்தைச் சுற்றிப் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தைப்பூசத்துக்கு அம்மனும் சுவாமியும் எழுந்தருளினால், தெப்பம் மிதக்காத நிலைத்தெப்பம்தான்.

அந்த வறண்ட காலத்தில், பச்சையாக இருந்த மதுரையைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் வரைந்தார். மனோகர் தேவதாஸ், 1936-இல் பிறந்த மதுரைக்காரர், அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தவர். விழித்திரை நோயால் அவருடைய பார்வை வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து, குழாய் வழியே பார்க்கிற அளவுதான் மிஞ்சியது. பலத்த வெளிச்சத்தில், லென்ஸ் வைத்து, கறுப்பு மையால் கோடு கோடாக இழுத்தார். கோபுரங்கள், மாட்டுவண்டி, வயலுக்கு அப்பால் படுத்திருக்கும் யானைமலை. எதிரே இருப்பதை அல்ல, சிறுவயதில் பார்த்ததை வரைந்தார். 2007-இல் வந்த ‘மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை’ நூலைப் புரட்டினால் இது புரியும். அந்தப் படங்கள் வாழ்த்து அட்டைகளாகி அறப்பணிக்கும் உதவின. 2020-இல் பத்மஸ்ரீ, 2022 டிசம்பரில் காலமானார்.

அவருக்கு முன்பே மதுரையை வரைந்தவர்கள் உண்டு. 1792-இல் வந்த ஆங்கில ஓவியர்கள் டேனியல்களுக்குச் சிதைந்த திருமலை நாயக்கர் மகால்மீது கண். 1858-இல் கேமராவோடு வந்த லின்னேயஸ் டிரைப் வைகையையும் விடவில்லை. ஆனால் இவர்கள் படங்களில் ஊர் இருக்கிறதே தவிர, ஊர்க்காரனின் ஏக்கம் இல்லை. எப்படி இருக்கும்?

யானைமலைப் பக்கம் தேவதாஸ் வரைந்த அந்த வயல்களை இன்று தேட வேண்டும். மாட்டுத்தாவணியில் 1999-இல் பேருந்து நிலையம் வந்தது. 2004-இல் மேலூர் சாலையில் உயர் நீதிமன்றக் கிளை. 2010 வாக்கில் மலையையே சிற்ப நகரமாக்கும் யோசனை கிளம்பியது. 770-இல் பாண்டியரின் அமைச்சர் மாறன் காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைந்த கோயிலும், சமணர் புடைப்புச் சிற்பங்களும் அங்கே ஏற்கெனவே இருப்பது கோப்புக்கு எட்டவில்லைபோலும்! சுற்றுக் கிராமத்தார் எதிர்த்து நின்றதில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த நாட்களில்தான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை அமைப்பும் உருவானது. மலையைப் பார்க்கவே ஆட்கள் கூட்டமாகப் போகத் தொடங்கினார்கள்.

தெப்பக்குளத்தின் கதை வேறு திசையில் திரும்பியது. சில ஆண்டுகளுக்கு முன் பனையூர் கால்வாயைச் சீர்செய்து வைகைத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். குளம் நிறைந்தது, தெப்பம் மிதந்தது. இப்போது சாயங்காலமானால் கரையெங்கும் கூட்டம். தள்ளுவண்டிகள், நடைப்பயிற்சி, செல்பி. மைய மண்டபத்தையும் அதன் நிழலையும் வரைகிற, படமெடுக்கிற இளைஞர்களும் உண்டு. அவர்கள் படங்களில் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, மண்டபம் அழகாக இருக்கிறது, தள்ளுவண்டியைத்தான் காணோம். தேவதாஸ் மாட்டுவண்டியை விட்டுவிட்டு வரைந்திருந்தால் அவருடைய மதுரை நமக்கு எந்த வருடத்து மதுரை என்றே தெரிந்திருக்காது. பானிபூரிக் கடையின் டியூப்லைட்டும் மண்டபம் தெரிகிற அதே தண்ணீரில்தான் தெரிகிறது. அதையும் வரையலாமே, தம்பி.