கார்த்திகைக்குப் பின்னும் மழை உண்டு

"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை" என்பது நம் பக்கத்தில் வழங்கிவரும் பழமொழி. தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்துப் பயிர் செய்த உழவர்களின் அனுபவம் அதில் அடங்கியுள்ளது. வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மிகுந்து, மார்கழியில் தணிவதே மதுரைச் சமவெளியின் இயல்பு. ஆயினும், பெரும்பாலான ஆண்டுகளுக்குப் பொருந்தும் சொல் எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்துவதில்லை. மார்கழி பிறக்கும் வேளையாகிய டிசம்பர் 17 என்னும் ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

1964 டிசம்பர் 17 அன்று, நம் கரைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தெற்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று தோன்றியது. அது கடும் புயலாகி, இலங்கையின் வடபகுதியைக் கடந்து, 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைத் தாக்கியது. கடல் பொங்கி ஊரை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் அலையில் மூழ்கியது. பாம்பன் ரயில் பாலமும் சிதைந்தது. தோன்றிய நாளுக்கும் தாக்கிய இரவுக்கும் இடையே ஐந்து நாட்கள் இருந்தன.

2023ஆம் ஆண்டில் டிசம்பர் 17 மார்கழி முதல் நாளாகவே அமைந்தது. அன்று புயல் எதுவுமில்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியே பெருமழையைக் கொணர்ந்தது. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் மழை பதிவாயின. தாமிரபரணி பெருகிற்று, கண்மாய்கள் பல உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் சிக்கிய நூற்றுக்கணக்கானோர் வெள்ளத்தின் நடுவே தவித்தனர்.

ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் பெய்தால், அந்நீர் ஏறத்தாழ 40,000 லிட்டர் ஆகும். இக்கணக்கின்படி, காயல்பட்டினத்தில் ஏக்கர் ஒன்றுக்கு 38 லட்சம் லிட்டர் நீர் ஒரே நாளில் இறங்கிற்று. இவையெல்லாம் கடலோர ஊர்களின் கதை என்று நாம் வாளாவிருத்தலாகாது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரை நகரிலேயே 15 நிமிடங்களில் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டி, செல்லூர்ப் பகுதியை வெள்ளம் சூழ்ந்ததை அனைவரும் அறிவோம்.

இதில் ஊராட்சிகளுக்குரிய பாடம் யாது? கார்த்திகை கழிந்ததும், இனி வரத்து இல்லை என்று கருதி, கண்மாயின் கலுங்கைக் கல்லும் மண்ணும் இட்டு அடைத்து, கூடுதலாக நீர் தேக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பின்பருவ நெல்லைக் காக்க எண்ணும் உழவரின் கவலை நியாயமானதே. ஆனால் அடைத்த பின் பெருமழை வந்தால் மிகைநீர் வழியின்றிக் கரையின் மேல் ஏறும், கரை உடையும். நம் பகுதியில் ஒரு கண்மாயின் மறுகால் நீரே அடுத்த கண்மாய்க்கு வரத்து. ஆதலின் மேலூரின் உடைப்பு கீழூரையும் அழிக்கும்.

எனவே தேக்குவதாயின், விரைவில் அகற்றக்கூடிய மணல் மூட்டைகளாலேயே தேக்குக. சிவப்பு எச்சரிக்கை என்பது ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழையை எதிர்நோக்கி விடுக்கப்படுவது. அது வந்த உடனே கலுங்கைத் திறந்துவிடுதல் வேண்டும். திறக்கும் முன் கீழூருக்குத் தெரிவித்தல் நம் கடமை. எலி வளைகளையும் நண்டு வளைகளையும் அடைத்தல், மடைக் கதவுகளைச் சரிபார்த்தல் முதலிய பணிகளைத் தை பிறக்கும் வரை கைவிடலாகாது.

ஊராட்சிதோறும் ஒரு மழைமானியும் ஒரு பதிவேடும் இருப்பின் பெரும் பயன் விளையும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, அளந்த தேதியின்கீழ் எழுத வேண்டும். 2023 டிசம்பர் 17 அன்று பகலும் இரவும் பெய்த மழை, இம்முறைப்படியே 18ஆம் தேதிக் கணக்கில் நிற்கிறது. பத்து ஆண்டுகள் இவ்வாறு எழுதி வைத்தால், தம் ஊர்க் கண்மாய் எவ்வளவு மழைக்கு நிரம்பும், எப்போது மறுகால் பாயும் என்பதை உறுப்பினர்கள் தாமே கணித்துக் கூறலாம். பழமொழி தந்த முன்னோரும் வானத்தைக் கவனித்தே அதைச் சொன்னார்கள். அக்கவனத்தை ஏட்டில் ஏற்றுவது நம் பொறுப்பாகும்.