வறுத்த ஈசலும் கூவும் கடிகாரமும்

காளி ஓர் இருளர் பழங்குடிச் சிறுவன். அவன் அப்பா பாம்பு பிடிப்பவர். வகுப்பில் அதைச் சொன்னதும் மற்ற பிள்ளைகள் அவனை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். அவன் கொறிக்கும் வறுத்த ஈசலும் அவர்களுக்கு விசித்திரமாக இருக்கிறது. ஒருநாள் வகுப்பறைக்குள் சாரைப்பாம்பு ஒன்று வந்துவிடுகிறது. எல்லோரும் நடுங்கும்போது காளி மட்டும் நிதானமாகப் போய் அதைப் பிடிக்கிறான்.

ஸாய் விட்டேக்கர் எழுதி, ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்த 'காளி அண்ட் தி ராட் ஸ்நேக்' என்ற படக்கதை இது. சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்டது. கதையின் தொடக்கத்தில் இருந்த காளிதான் முடிவிலும் இருக்கிறான். அவனைப் பார்க்கும் கண்கள்தான் மாறுகின்றன. பாம்பு பிடிக்கும் தொழிலுக்குக் கிடைக்கும் இந்தப் பெருமை வெறும் கற்பனையும் அல்ல. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் இந்தியாவில் பாம்புக்கடி மருந்து பெருமளவில் தயாராகிறது.

'நீ தனித்துவமானவன்' என்று குழந்தையிடம் அறிவுரையாகச் சொன்னால் அது ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும். தன் வீட்டுச் சாப்பாடும், தன் அப்பா அம்மாவின் தொழிலும், தன் தெருவும் மரியாதையோடு அச்சேறியிருப்பதைப் பார்க்கிற குழந்தைக்கு அந்த அறிவுரை தேவைப்படாது. நல்ல படக்கதைகள் இதைத்தான் செய்கின்றன.

இங்கிலாந்தின் டேவிட் மெக்கீ 1968இல் படைத்த எல்மர், ஒட்டுத்துணிபோலப் பல வண்ணக் கட்டங்கள் கொண்ட யானை. மற்ற யானைகளைப் போல இருக்க ஆசைப்பட்டு, பழங்களில் புரண்டு சாம்பல் நிறமாகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட மிக்கி படேலின் ரூபாவோ சாதாரணச் சாம்பல் யானை; அதற்கு வண்ணங்கள்மேல் ஆசை. ஒன்று நிறத்தை மறைக்கிறது, மற்றது நிறத்தைப் பூசிக்கொள்கிறது. இரண்டும் கடைசியில் தம் தோலுக்கே திரும்புகின்றன.

படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 24 அல்லது 32 பக்கம்தான். அச்சுத்தாளை மடிக்கும் கணக்கு அப்படி. ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகள். மீதியைப் படம் சொல்கிறது. எழுத்து சொல்லாமல் விட்டதைப் படத்தில் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை குழந்தையுடையது. கற்பனை அங்கேதான் பழகுகிறது. பெரியவர் அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினால் அந்த வேலை கெட்டுப்போகும்.

கற்பனைக்கு வேரும் சொந்த மண்தான். மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம், லண்டனில் ஓர் உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டப் போனவர். அங்கே பார்த்ததைத் தன் ஊர்க் கண்ணால் வரைந்தார். பாதாள ரயில் மண்புழு ஆயிற்று. நேரத்தைச் சொல்வதால் பிக் பென் கடிகாரம் சேவல் ஆயிற்று. சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் அதை 'தி லண்டன் ஜங்கிள் புக்' என்று வெளியிட்டது. பெரியவர்களும் விரும்பிப் பார்க்கும் புத்தகம் அது.

அந்தச் சொந்த மண் அந்தமானில் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். போர்ட் பிளேயரை (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஒட்டிய புரோத்ராபூர் போன்ற ஊர்களில் தமிழ், வங்காளம், தெலுங்கு, இந்தி பேசும் வீடுகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி, விளையாட்டில் அந்தமான் இந்தி என்று வளரும் பிள்ளைக்குப் படக்கதை மிகவும் பொருந்தும். எழுத்து தடுக்கினாலும் படம் கைகொடுக்கும். தூலிகா 1996 முதல் ஒரே கதையைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. இருமொழிப் புத்தகங்களும் உண்டு. ஒரே கதையைத் தமிழ்ப் பிள்ளையும் வங்காளிப் பிள்ளையும் சேர்ந்து பார்க்கலாம்.

கதைகளுக்குத் தீவில் பஞ்சமில்லை. விட்டேக்கரே 'அந்தமான்ஸ் பாய்' என்ற சிறுவர் நாவலை இங்கே நடப்பதாக எழுதியிருக்கிறார். இத்தீவுகளின் பழங்குடியினரான பெரிய அந்தமானியரின் கதைகளையும் பாடல்களையும் மொழியியலாளர் அன்விதா அப்பி திரட்டி, 2021இல் நூலாக்கினார். அந்த மக்களுக்குப் பறவைகள் முன்னோர். அவர்களுடைய மொழிகளில் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி, தன் மொழியில் பேச ஆள் இல்லாமல் பறவைகளோடு பேசியவர், 2010இல் காலமானார். இந்தக் கதைகளைப் படமாக்குகிறவர்கள் அந்த மக்களிடம் கேட்டு, அவர்கள் பெயர் சொல்லிச் செய்ய வேண்டும்.

செலவும் தடையாக வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் இலவசம். எவரும் மொழிபெயர்க்கலாம், அங்குள்ள படங்களைக் கொண்டு புதுக்கதையும் எழுதலாம். புரோத்ராபூர் ஆசிரியர் ஒருவர் கண்டல் காட்டையோ, பாக்குத் தோப்பையோ, தீவுக்குத் தீவு போகும் கப்பலையோ வைத்து, தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையே சூட்டி, நாலைந்து மொழிகளில் ஒரு கதையை ஏற்றலாம். படங்களைப் பிள்ளைகளே வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டினாலும் அது முழுமையான புத்தகம்தான்.